பூனையின் தொடை எலும்பு முறிந்தால்: கட்டா, கம்பியா, பிளேட்டா?

கேள்வி: எங்கள் பூனை பொன்னிக்கு இரண்டு வயது. எடை மூன்றரைக் கிலோ. ஐந்து நாட்களுக்கு முன் புறாவைத் துரத்திக்கொண்டு ஓடி, மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து விழுந்துவிட்டாள். வலது பின்னங்கால் தொங்குகிறது. தொடை எலும்பு நடுவில் உடைந்து, நடுவே ஒரு துண்டு தனியாக விலகி நிற்பது எக்ஸ்ரேயில் தெரிகிறது. முதலில் பார்த்த மருத்துவர், கூண்டில் அடைத்து ஓய்வு கொடுத்தால் தானே கூடிவிடும் என்றார். இரண்டாமவர் கம்பி வைக்கலாம் என்றார். மூன்றாமவர் பிளேட்தான் (எலும்பின் மேல் ஸ்க்ரூ போட்டுப் பொருத்தும் உலோகப் பட்டை) வைக்க வேண்டும் என்கிறார். அதற்குச் செலவு மூன்று மடங்கு. காலையே எடுத்துவிடுங்கள் என்று சொன்னவரும் உண்டு. என் மாமியார் புத்தூர் கட்டு போடலாம் என்கிறார். முதல் நாள் இரவு அவள் கத்தியதைக் கேட்க முடியாமல், குழந்தைக்குக் கொடுக்கும் காய்ச்சல் சிரப்பைக் கொடுக்கலாமா என்று கையில் எடுத்தேன், பயந்து வைத்துவிட்டேன். பால் மட்டும் கொஞ்சம் குடிக்கிறாள், வேறு எதையும் தொடுவதில்லை. நடுவில் மடியில் படுத்து ‘குர்ர்’ என்று மெல்ல உறுமுகிறாள், அப்போது வலி இல்லை என்று வைத்துக்கொள்ளலாமா? இப்படி வைத்திருப்பது பாவமா? யார் சொல்வதைக் கேட்பது? (மதுரை வாசகி)

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் கால் இருக்கிறது, எக்ஸ்ரே இருக்கிறது, செலவு இருக்கிறது. இந்த ஐந்து நாட்களில் பொன்னி சிறுநீர் கழித்தாளா என்பது இல்லை. எப்படி மூச்சு விடுகிறாள் என்பதும் இல்லை. உங்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. தொங்கும் கால் பார்ப்பவர் கண்ணை இழுத்துவிடும்; மருத்துவர்களின் கண்ணையும்தான். ஆனால் உயரத்திலிருந்து விழுந்த பூனையின் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நெஞ்சிலும் வயிற்றிலும் பட்ட அடி. கால் காத்திருக்கும். கம்பியா பிளேட்டா என்ற கேள்விக்கு வருவதற்கு முன் அந்த இரண்டையும் பார்த்துவிடுவோம். (நீங்கள் பொன்னியை ‘அவள்’ என்றே எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.)

நியூயார்க்கில் அடுக்குமாடிகளிலிருந்து விழுந்த 132 பூனைகளைப் பற்றி 1987இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சிகிச்சை பெற்றவற்றில் பத்தில் ஒன்பது பிழைத்துக்கொண்டன. இது நல்ல செய்தி. அதே ஆய்வில் பெரும்பாலான பூனைகளுக்கு நெஞ்சில் அடி இருந்தது என்பதுதான் இப்போது நமக்கு வேண்டிய செய்தி. பூனை காற்றிலேயே உடலைத் திருப்பிக் கால்களில் இறங்குகிறது. வேகம் அதிகமாக இருந்தால் கால்கள் மடங்கி, அடுத்த நொடியே மார்பும் தாடையும் தரையில் மோதுகின்றன. அதனால்தான் கால், மார்பு, வாய் ஆகிய மூன்றிலும் ஒன்றாகக் காயம் இருப்பதை அடிக்கடி பார்க்கிறோம். நுரையீரலில் இரத்தக் கசிவு, நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்துபோவது, உதரவிதானம் கிழிந்து குடலும் ஈரலும் மார்புக்குள் ஏறிவிடுவது என்று எதுவும் இருக்கலாம். உதரவிதானம் கிழிந்த பூனை சில நாட்கள் ஒன்றும் நடக்காதது போலப் படுத்திருக்கும். மயக்க மருந்து கொடுத்து மல்லாக்கப் படுக்க வைத்ததும் மூச்சு நின்றுபோகலாம். எனவே எடுத்தது கால் எக்ஸ்ரே மட்டும்தான் என்றால், மார்புக்கும் ஒன்று எடுக்காமல் எந்த மருத்துவரும் பொன்னிக்கு மயக்க மருந்து கொடுக்க நீங்கள் சம்மதிக்க வேண்டாம்.

வீட்டில் நீங்களே பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. அவள் தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். முப்பதுக்குள் இருக்க வேண்டும். நாற்பதைத் தாண்டினாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, இந்தப் பதிலை மேலே படிக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

சிறுநீர் விஷயமும் அப்படித்தான். விழுந்த வேகத்தில் சிறுநீர்ப்பை கிழியலாம். கொஞ்சம் சிறுநீர் வருகிறது என்பதற்காகக் கிழியவில்லை என்று சொல்லிவிட முடியாது. ஒரு வயிற்று ஸ்கேனும், கிரியேட்டினின், பொட்டாசியம் பார்க்கும் இரத்தப் பரிசோதனையும் இதைத் தெளிவாக்கிவிடும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, “பால் மட்டும் கொஞ்சம் குடிக்கிறாள்” என்பது. வலியால் சாப்பிடாத பூனை பெரும்பாலும் பாலையும் தொடாது. நக்கிக் குடிக்க முடிகிறது, கடித்து மெல்ல முடியவில்லை என்றால் வாய்க்குள் பார்க்க வேண்டும். தாடை தரையில் மோதும்போது மேலண்ணம் நடுக்கோட்டில் பிளந்துவிடுவது உண்டு; கீழ்த்தாடை நடுவில் பிரிந்துவிடுவதும் உண்டு. உதட்டை மெல்ல விலக்கி, கீழ்க் கோரைப்பற்கள் இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று தாழ்ந்திருந்தால் தாடை பிரிந்திருக்கிறது. மூக்கில் பால் ஒழுகினாலோ, குடித்ததும் தும்மினாலோ அண்ணத்தில் பிளவு இருக்கலாம். அதற்கு மேல் நீங்கள் வாயைத் திறக்க முயல வேண்டாம், வலியில் கடித்துவிடுவாள். மருத்துவர் பார்க்கட்டும். பயப்படவும் வேண்டாம்: அண்ணத்தில் சிறு பிளவு சில வாரங்களில் தானாகவே மூடிக்கொள்வது வழக்கம், பிரிந்த தாடையை ஒரு மெல்லிய கம்பி கட்டி நிறுத்திவிடலாம், காலுக்குக் கொடுக்கும் மயக்கத்திலேயே இரண்டையும் முடிக்கலாம். தொங்கும் காலையே பார்த்துக்கொண்டு வாயை மறந்துவிட்டால், அறுவைச் சிகிச்சை முடிந்த பிறகும் ஏன் சாப்பிடவில்லை என்று எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொள்வோம்.

ஐந்து நாள் பட்டினி பூனைக்குச் சிறிய விஷயம் இல்லை. நாயைப் போல அது பட்டினி தாங்காது. உடம்பின் கொழுப்பு ஈரலில் போய்ப் படிந்து ஈரல் செயலிழக்கத் தொடங்கும். கொழுத்த பூனை என்றால் இன்னும் விரைவில். பால் உணவாகாது. தேவைப்பட்டால் மூக்கு வழியாகவோ கழுத்து வழியாகவோ மெல்லிய குழாய் வைத்து ஊட்டலாம். பார்க்கக் கொடுமையாகத் தெரியும் அந்தக் குழாய் பல பூனைகளைக் காப்பாற்றியிருக்கிறது.

அந்தச் சிரப்பைக் கையில் எடுத்துவிட்டு வைத்துவிட்டீர்களே, அந்தப் பயத்துக்கு நன்றி சொல்லுங்கள். குழந்தைகளுக்கான காய்ச்சல் சிரப்பில் இருப்பது பாராசிட்டமால். அதைச் சிதைத்து வெளியேற்றும் வழி நம் ஈரலில் இருக்கிறது, பூனையின் ஈரலில் அது மிகவும் குறைவு. இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து பழுப்பாகும். ஈறு சாம்பல் நிறமாகும், முகமும் பாதங்களும் வீங்கும். ஒரே ஒரு 500 மி.கி. மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். கால் உடைந்ததற்காகக் கொடுத்த அரை மாத்திரையால் இறந்துபோன பூனையை என் மேசையில் பார்த்திருக்கிறேன். அந்தக் கால் எளிதாகக் கூடியிருக்க வேண்டிய கால். புரூஃபன், டைக்ளோஃபினாக் எதுவுமே கூடாது. பூனைக்கான வலி மருந்துகள் இருக்கின்றன. பியூப்ரினார்ஃபின் ஊசி நல்ல மருந்து. மெலாக்சிகம் கொடுக்கலாம், ஆனால் நீர்ச்சத்து ஏறி, சிறுநீரகம் சரியாக இருக்கிறது என்று பார்த்த பிறகு, மருத்துவர் கணக்கிட்ட அளவில் மட்டும். ஐந்து நாட்களாகப் பொன்னிக்கு முறையான வலி மருந்து கொடுக்கப்படவில்லை என்றால் இன்றே கேட்டு வாங்குங்கள். அறுவைச் சிகிச்சை எந்தத் தேதியில் என்பது வேறு, வலி இன்றையது.

உறுமுகிறாள் என்றால் வலி இல்லை என்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. பூனை வலியிலும் உறுமும், பயத்திலும் உறுமும். முகத்தைப் பாருங்கள். மான்ட்ரியால் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2019இல் பூனையின் முகத்தை வைத்து வலியை அளக்கும் ஒரு முறையை வெளியிட்டார்கள். காது பக்கவாட்டில் விலகித் தாழ்ந்திருக்கிறதா, கண் இடுங்கியிருக்கிறதா, மூக்கும் வாயும் இறுகியிருக்கின்றனவா, மீசை விறைத்து நிற்கிறதா, தலை தோளுக்குக் கீழே தொங்குகிறதா என்ற ஐந்தே கேள்விகள்தான். காலையும் மாலையும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். மருந்து வேலை செய்கிறதா என்பது இரண்டு படங்களை அருகருகே வைத்தால் தெரிந்துவிடும்.

இனி கால்.

தொடை எலும்பு முறிவுக்குக் கட்டு கிடையாது. இதை மட்டும் உங்கள் வீட்டில் எல்லோருக்கும் உரக்கச் சொல்லுங்கள். எலும்பு அசையாமல் இருக்க வேண்டுமென்றால் அதற்கு மேலே உள்ள மூட்டும் கீழே உள்ள மூட்டும் அசையாமல் இருக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே முறிந்திருந்தால் முழங்காலையும் கணுக்காலையும் சேர்த்துக் கட்டிவிடலாம்; முறிவு எளியதாக இருந்தால் மாவுக்கட்டிலேயே கூடும். தொடைக்கு மேல் மூட்டு இடுப்பில் இருக்கிறது. பூனையின் இடுப்பை எப்படிக் கட்டுவீர்கள்? கட்டு நழுவி முறிவு இருக்கும் இடத்துக்குக் கீழே வந்து நிற்கும். அதன் எடையில் கால் ஊசலாடி, உடைந்த முனைகள் இன்னும் அதிகமாக அசையும். கட்டாமல் விட்டிருந்தால் இவ்வளவு அசைந்திருக்காது.

நான் படிப்பு முடித்து வேலைக்கு வந்த முதல் ஆண்டில் இதைச் செய்தேன். ஐந்து மாதக் குட்டி, தொடை எலும்பு முறிவு. வீட்டுக்காரர்களிடம் பணம் இல்லை. காலை நீட்டி வைத்து இறுக்கமாகக் கட்டி அனுப்பினேன். ஒரு மாதம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது. முழங்கால் மடங்கவில்லை. தொடையின் முன்தசை எலும்போடு ஒட்டிச் சுருங்கி, கால் ஒரு குச்சியைப் போல நேராக நின்றது. குட்டி அந்தக் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டே நடந்தது; பாதத்தின் மேல்தோல் தரையில் உரசிப் புண்ணானது. கடைசியில் காலை எடுக்க வேண்டியதாயிற்று. எலும்பு கூடினால் போதாது, மூட்டு மடங்க வேண்டும் என்பதை அந்தக் குட்டி எனக்குக் கற்றுக்கொடுத்தது. வீட்டுக்காரர்கள் என்னைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை இன்றுவரை மறக்க முடியவில்லை.

உங்கள் மாமியாரிடம் நான் சொன்னதாக மரியாதையோடு சொல்லுங்கள். புத்தூருக்குப் போய்க் கை கூடி வந்தவர்களை நம் ஊர்களில் எல்லோருக்கும் தெரியும். மனிதனின் முன்கை எலும்பு விலகாமல் முறிந்திருந்தால் பச்சிலையும் மூங்கில் பத்தையும் வைத்து அசையாமல் கட்டும்போது கூடும். எலும்புக்கு அந்த இயல்பு உண்டு, கையை ஆட்டாதே என்று சொன்னால் மனிதனுக்குப் புரியவும் புரியும். பொன்னியின் எலும்பு மூன்று துண்டாகி விலகி நிற்கிறது, அதுவும் கட்ட முடியாத இடத்தில். பச்சிலையை அவள் நக்கித் தின்பாள். கட்டு இறுகினால் பாதத்துக்கு இரத்தம் போகாமல் அழுகும். பூனையின் மெல்லிய காலில் இது ஒரே இரவில் நடக்கும்.

கூண்டு ஓய்வு சொன்ன மருத்துவரும் முழுக்கத் தவறு என்று சொல்லமாட்டேன். இடுப்பு எலும்பின் சில முறிவுகளுக்கு அது நல்ல சிகிச்சை. பூனையின் எலும்பு கூடும் சக்தி பெரியது. தொடை எலும்புகூட எப்படியோ ஒரு கோணலில் கூடிவிடலாம். ஆனால் தொடைத் தசைகள் வலிமையானவை. துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றிவிடும், கால் குட்டையாகும், பாதம் திரும்பி நிற்கும், நடுவில் தசை சிக்கிக்கொண்டால் கூடாமலே போகும். இரண்டு வயதுப் பூனைக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்க்கை இருக்கிறது. நான் இதைத் தேர்ந்தெடுக்கமாட்டேன்.

கம்பிக்கும் பிளேட்டுக்கும் உள்ள வேறுபாடு விலையில் மட்டும் இல்லை. இரண்டு கரும்புத் துண்டுகளின் நடுவே துளையிட்டு ஒரே கம்பியில் கோத்துப் பாருங்கள். நடுவில் வளையாது. ஆனால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் திருகினால் திரும்பும். இரண்டையும் நெருக்கினால் கம்பியின் மேல் நகரும். எலும்பின் மஜ்ஜைக் குழிக்குள் செலுத்தும் கம்பியின் நிலையும் இதுதான். வளைவைத் தடுக்கும், திருகலையும் சரிவையும் தடுக்காது. முறிவு குறுக்காக, இரண்டே துண்டாக, முனைகள் பல் சக்கரம் போல ஒன்றோடொன்று பொருந்துவதாக இருந்தால் அந்தக் குறையை எலும்பே ஓரளவு ஈடுகட்டும். பூனையின் தொடை எலும்பு நாயினுடையதைவிட நேரானது என்பதால் கம்பி நன்றாக உட்காரவும் செய்யும். கம்பி மட்டும் வைத்து அழகாகக் கூடிய பூனைகள் எத்தனையோ.

பொன்னிக்கு நடுவில் ஒரு துண்டு விலகியிருக்கிறது. அங்கே எலும்போடு எலும்பு தாங்கி நிற்க இடமில்லை; உடல் எடை முழுவதையும் நாம் வைக்கும் உலோகம்தான் சுமக்க வேண்டும். எனவே கம்பி மட்டும் என்றால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். பிளேட், அல்லது உள்ளே மெல்லிய கம்பியும் பக்கத்தில் பிளேட்டும் சேர்த்து, இதுவே என் தேர்வு. பிளேட்டுக்குச் செலவழிக்க முடியாது என்றால் நடுவழி ஒன்று இருக்கிறது: உள்ளே ஒரு கம்பி, தோலுக்கு வெளியிலிருந்து எலும்புக்குள் செல்லும் சில கம்பிகள், இவை எல்லாவற்றையும் வெளியே ஒரு சட்டத்தில் இணைத்துவிடுவது. திருகலை இது தடுக்கும், செலவும் குறைவு. கம்பி தோலில் நுழையும் இடங்களை நாள்தோறும் சுத்தம் செய்யும் பொறுமை உங்களுக்கு வேண்டும். இரண்டாவது மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்: “கம்பி மட்டுமா, அதோடு வெளிச்சட்டமும் சேர்த்தா? திரும்பாமல் இருக்க என்ன செய்யப் போகிறீர்கள்?” நல்ல மருத்துவர் இந்தக் கேள்வியால் கோபப்படமாட்டார். ஒரு தாளை எடுத்து வரைந்து காட்டுவார்.

செலவு ஏன் இவ்வளவு என்றும் தெரிந்துகொள்ளுங்கள். பொன்னியின் தொடை எலும்பு ஏறக்குறைய 10 செ.மீ. நீளம், நடுப்பகுதி ஒரு பென்சிலைவிடச் சற்றுத் தடிமன். எலும்புச் சுவர் 1 மி.மீ.க்குச் சற்று மேல். அதற்குள் பிடித்து நிற்க வேண்டிய ஸ்க்ரூவின் விட்டம் 2 முதல் 2.7 மி.மீ. வரை. தொடையின் வெளிப்பக்கம் தோலைத் திறந்து, இரண்டு தசைகளுக்கு நடுவே இருக்கும் வெண்ணிறக் கோட்டில் பிரித்தால் ஒரு சொட்டு இரத்தம்கூட இல்லாமல் எலும்பு வரை போய்விடலாம். கோடு தவறித் தசையை வெட்டினால் களமே சிவந்துவிடும். முறிவு இருக்கும் இடத்தில் கருஞ்சிவப்பாக, நுங்கு போல உறைந்த இரத்தம் கிடக்கும். கற்றுக்கொள்ளும் காலத்தில் எல்லோருக்கும் அதை வழித்தெடுத்துச் சுத்தமாக்கத்தான் கை போகும். புது எலும்பு முளைப்பது அதிலிருந்துதான். விலகிய சிறு துண்டையும் அப்படியே, அது ஒட்டியிருக்கும் தசையோடு விட்டுவிட வேண்டும். தசையிலிருந்து உரித்து எடுத்து ஒட்டவைக்கப் போனால் அதற்கு இரத்த ஓட்டம் நின்று செத்துவிடும். மேல் முனையையும் கீழ் முனையையும் சரியான நீளத்தில், சரியான திசையில் நிறுத்தி, பாலம் போடுவது போலப் பிளேட்டை வைப்போம். துளையிடும்போது உதவியாளர் சலைனைச் சொட்டிக்கொண்டே இருப்பார். சூடான எலும்பும் செத்த எலும்பே, அதில் ஸ்க்ரூ நிற்காது. கடைசி ஸ்க்ரூவை முறுக்கும்போது விரல் நுனியில் ஓர் இறுக்கம் வரும். அதற்கு மேல் கால் சுற்று முறுக்கினாலும் எலும்பில் வெட்டிய மரை நொறுங்கிவிடும்.

டைட்டானியம்தான் வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டியதில்லை. நல்ல ஸ்டீல் பிளேட் போதும். அந்தப் பணத்தை ஆறாவது வார எக்ஸ்ரேவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பி வைக்கும் முறையில் ஓர் ஆபத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. இடுப்புக்கும் தொடைக்கும் நடுவே, கம்பியின் மேல்முனை வெளியே வரும் இடத்தை ஒட்டி, காலுக்குப் போகும் பெரிய நரம்பு ஓடுகிறது. பூனைகளில் கம்பி நுனி அந்த நரம்பைக் குத்திவிடுவது அறியப்பட்ட சிக்கல். மேலிருந்து கீழாகக் கம்பியைச் செலுத்தி, நுனியைக் குட்டையாக வெட்டிவிட்டால் ஆபத்து குறையும். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பாதம் மடங்கி, அதன் மேற்புறத்தை ஊன்றி நடந்தால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். அதேபோல, அறுவைச் சிகிச்சைக்கு முன்பே பாதத்தின் வெளிப்பக்க விரலை மருத்துவர் அழுத்திக் கிள்ளிப் பார்க்க வேண்டும். காலை இழுக்காவிட்டாலும் பொன்னி தலையைத் திருப்பிச் சீற வேண்டும். சீறவே இல்லை என்றால் நரம்பு ஏற்கெனவே அடிபட்டிருக்கலாம்; பிளேட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் தெரிய வேண்டிய செய்தி இது.

எப்போது செய்வது? மார்பும் வயிறும் தெளிவானதும், இந்த வாரத்துக்குள். ஐந்து நாட்கள் ஆகிவிட்டதால் தசைகள் சுருங்கத் தொடங்கியிருக்கும். இரண்டு வாரம் கடந்தால் துண்டுகளை இழுத்து நேராக்குவதற்கே பாதி அறுவைச் சிகிச்சை போய்விடும். மதுரையில் இரண்டு திசையிலும் தெளிவான எக்ஸ்ரே எடுத்து, உடையாத இடது தொடைக்கும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பிளேட்டின் அளவை அதை வைத்துத்தான் தீர்மானிப்போம். தனியார் கட்டணம் தாங்கவில்லை என்றால் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளில் அறுவைச் சிகிச்சைத் துறை உண்டு. திருநெல்வேலியிலும் நாமக்கல்லிலும் அப்படிப்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. 1903இல் தொடங்கிய சென்னை வேப்பேரிக் கல்லூரியும் இருக்கிறது. முதலில் தொலைபேசியில் பேசி, பூனைக்கு ஏற்ற சிறிய பிளேட் கைவசம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். உடைந்த காலோடு ஒரு வீண் பயணம் வேண்டாம்.

காலை எடுத்துவிடுவதைப் பற்றி. அதை நீங்கள் கடிதத்தில் எழுதியிருக்கும் விதத்திலேயே அது தோல்வி என்று நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது. நான் அப்படி நினைக்கவில்லை. மூன்று காலில் பூனை நன்றாக வாழும். பெரும்பாலானவை ஓரிரு நாளில் எழுந்து நடக்கும், சில வாரங்களில் அலமாரி மேல் ஏறும். மற்றக் கால்களும் இடுப்பும் நன்றாக இருந்தால், ஒரே அறுவைச் சிகிச்சையில் வலிக்கு முடிவு கிடைக்கிறது. பொன்னிக்குப் பொருத்தமில்லாத கம்பியைக் குறைந்த செலவில் வைத்து, அது வளைந்து, மறுபடி திறந்து, சீழ் பிடித்து, ஆறு மாதம் கழித்துக் காலை எடுப்பதைவிட, இன்றே எடுப்பது அவளுக்குச் செய்யும் நன்மை. கால் காப்பாற்றக்கூடிய கால் என்பதால் முதலில் பிளேட்டைச் சொல்கிறேன். பணம் திரட்ட முடியாவிட்டால் குற்ற உணர்வு இல்லாமல் இதைச் செய்யுங்கள். பாவம் எது என்று கேட்டீர்கள். எதையும் தீர்மானிக்காமல் வலியோடு வாரக்கணக்கில் வைத்திருப்பதுதான்.

அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஆறு முதல் எட்டு வாரம் கூண்டு. நான்கு மாதக் குட்டிக்கு நான்கு வாரத்தில் கூடிவிடும். இரண்டு வயதில் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வரை ஆகலாம். பெரிய நாய்க் கூண்டாக வாங்குங்கள்: படுக்கை, தண்ணீர், விளிம்பு தாழ்ந்த மலத்தட்டு மூன்றும் வைத்தபிறகு நிற்கத் திரும்ப இடம் இருந்தால் போதும், தாவ இடம் இருக்கக்கூடாது. முதல் இரண்டு வாரம் தட்டில் மணலுக்குப் பதில் கிழித்த செய்தித்தாள். தையல் பிரிக்கப் பத்து முதல் பதினான்கு நாள். அதுவரை, தையலை நக்காமல் தடுக்கும் கழுத்துக் கூம்பைக் கழற்ற வேண்டாம். இரண்டே நிமிடம்தானே என்று கழற்றிய வீடுகளிலிருந்துதான் தையல் பிரிந்த பூனைகள் வருகின்றன.

மருத்துவர் சம்மதித்ததும், மூன்றாம் நான்காம் நாளிலிருந்தே முழங்காலுக்குப் பயிற்சி வேண்டும். அவளைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, ஒரு கையால் தொடையைத் தாங்கி, மற்றக் கையால் பாதத்தைப் பிடித்து மெதுவாக மடக்கி நீட்டுங்கள். ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. அவள் தடுத்தால் அந்த இடத்தில் நிறுத்துங்கள். மேலே சொன்ன குட்டிக்கு நான் செய்யாமல் விட்டது இதுதான். இரண்டாம் வாரத்தில் பெரும்பாலான பூனைகள் பாதத்தைத் தொட்டுத் தொட்டு ஊன்றத் தொடங்கும். ஊன்றிய கால் திடீரென்று தூக்கிக்கொண்டால் எக்ஸ்ரே. பிளேட்டை எடுக்க வேண்டியதில்லை, தொந்தரவு தராதவரை உள்ளேயே இருக்கட்டும். கம்பி என்றால் கூடியபின் எடுப்பது வழக்கம். அந்தச் செலவையும் இப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள்.

கால்சியம் சிரப் வாங்கிவிடாதீர்கள். பொன்னிக்கு முழுமையான பூனை உணவு கொடுத்துக்கொண்டிருந்தால் கூடுதல் கால்சியத்தால் எலும்பு விரைந்து கூடாது. ஆனால் குட்டியிலிருந்தே எலும்பில்லாத கோழியும் சோறும் மட்டும்தான் கொடுத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் அறுவைச் சிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். வெறும் இறைச்சியில் கால்சியத்தைப் போலப் பதினைந்து இருபது மடங்கு பாஸ்பரஸ் இருக்கிறது. அந்தக் குறையை ஈடுகட்ட உடம்பு தன் எலும்பையே கரைத்து எடுக்கும். எக்ஸ்ரேயில் எலும்புகள் வெண்மை குறைந்து நிழல் போல மங்கித் தெரிந்தால் அங்கே ஸ்க்ரூ பிடிக்காது. உணவைத் திருத்துவதே முதல் சிகிச்சையாகிவிடும்.

பால்கனிக்கு நைலான் புறா வலை போதாது. பூனை அதைக் கடித்துத் துளை போடும். துருப்பிடிக்காத கம்பி வலையைக் கீழிருந்து மேல்வரை, ஓரங்களில் இடைவெளி இல்லாமல் சட்டத்தில் அடித்துவிடுங்கள். கால் கூடிய பூனை முதலில் போய் நிற்பது விழுந்த அதே இடத்தில்தான். புறாக்கள் அங்கேதான் இருக்கும்.

நாளைக் காலை மருத்துவரிடம் போகும்போது மூன்றைச் சொல்லிக் கேளுங்கள்: மார்பு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன், வாய்க்குள் ஒரு பார்வை. கால் எக்ஸ்ரேயின் இரண்டு கோணப் படங்களையும் எனக்கு அனுப்பி வையுங்கள். அண்ணம் எப்படி இருந்தது என்பதை முதல் வரியில் எழுதுங்கள்.